விட்டு வந்த ராணுவ ஹெலிகாப்டருக்கு ரிசர்வ் பைலட்டாகத் திரும்ப முடியுமா?

கேள்வி இதுதான்: "ராணுவத்தில் ஹெலிகாப்டர் ஓட்டிவிட்டு வெளியே வந்து ஆறு வருடம் ஆகிறது. ரிசர்வ் பைலட்டாகத் திரும்பிப் போக முடியுமா? இவ்வளவு இடைவெளிக்கு அப்புறம் கை வருமா?"

முதல் பாதிக்கு இந்தியாவில் பதில் சின்னது. இரண்டாவது பாதிக்குத்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது, அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். நான் விமானப்படையில் ஹெலிகாப்டர் ஓட்டியவன். ஹக்கிம்பேட்டையில் சேத்தக்கில் கற்றுக்கொண்டு, அப்புறம் எம்ஐ-17க்குப் போனேன். நடுவில் முதுகுத் தண்டில் டிஸ்க் விலகி இரண்டே முக்கால் வருடம் பறக்காமல் மேசை வேலை பார்த்துவிட்டுத் திரும்ப ஏறினேன். இப்போது ஓய்வு பெற்று பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் சொந்த ஊரில் தென்னந்தோப்போடு இருக்கிறேன். என் தங்கை மகன் அமெரிக்கக் குடிமகன், அங்கே ராணுவத்தில் பிளாக் ஹாக் ஓட்டிவிட்டு வெளியே வந்து, ஐந்து வருடம் கழித்து நேஷனல் கார்டில், அதாவது வேறு வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாகப் பணி செய்யும் படையில், ரிசர்வ் பைலட்டாகச் சேர்ந்தான். அதனால் இரண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும்.

இந்தியாவில் 1952-ஆம் வருடச் சட்டம் ஒன்று இருக்கிறது, ரிசர்வ் மற்றும் துணை விமானப்படைச் சட்டம். அதன்படி ரிசர்வ் என்ற ஏற்பாடு உண்டு, தேவைப்பட்டால் கூப்பிடலாம். ஆனால் வாரம் முழுக்க வேறு வேலை பார்த்துவிட்டு சனி ஞாயிறு யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு ஹெலிகாப்டர் ஓட்டும் ஸ்குவாட்ரன் இன்று நம்மிடம் கிடையாது. எங்கள் பக்கத்துப் பையன்கள் அடுத்ததாகக் கேட்பது டெரிட்டோரியல் ஆர்மி. 2009-ல் மோகன்லாலுக்கு அதில் கௌரவ லெப்டினன்ட் கர்னல் பதவி கொடுத்ததிலிருந்து இங்கே அந்தப் பெயர் தெரியாதவர்கள் இல்லை. நல்ல படை, வேலையை விடாமலே சேரலாம், ஆனால் பெரும்பாலும் காலாட்படை, பறக்கிற பிரிவு அதில் இல்லை. ஆக, இங்கே வெளியே வந்தவர் மறுபடி பறக்க வேண்டுமென்றால் சிவில் லைசென்ஸ் எடுத்துக்கொண்டு பவன் ஹான்ஸ் என்ற ஹெலிகாப்டர் நிறுவனம், கடலில் எண்ணெய்க் கிணறுகளுக்குப் போகும் ஆபரேட்டர்கள், எல்லைப் பாதுகாப்புப் படையின் விமானப் பிரிவு என்று தேட வேண்டியதுதான். இன்னும் வெளியே வராதவர், அதாவது மெடிக்கல் காரணமாகவோ குழந்தைப் பேறு காரணமாகவோ தரைக்கு வந்தவர், கட்டாயம் திரும்பலாம். நான் அந்த வகை.

அமெரிக்காவில் வேறு கதை. நேஷனல் கார்டில் மாதத்தில் ஒரு வாரயிறுதி, வருடத்தில் 15 நாள், அதற்கு மேல் பைலட்டுகளுக்கென்று தனியாகப் பறக்கும் நாட்கள். அது இல்லாமல் யாருக்கும் கை நிற்காது என்று அவர்களுக்கே தெரியும். திரும்பி வருகிறவரிடம் ஆயிரம் மணி நேரம் இருந்தாலும் நேராக வேலைக்கு அனுப்ப மாட்டார்கள். ரெடினெஸ் லெவல் (தயார்நிலை) மூன்று, இரண்டு, ஒன்று என்று படி வைத்திருக்கிறார்கள். மூன்றில் அடிப்படைப் பறத்தல் மொத்தமும் இன்ஸ்ட்ரக்டரோடு, இரண்டில் பணிக்கான பயிற்சி, ஒன்றுக்கு வந்த பிறகுதான் முழு ஆள். தங்கை மகன் மூன்றில் ஆரம்பித்த வாரம் என்னைக் கூப்பிட்டுச் சொன்னான்: "மாமா, கை வந்துடுச்சு. வாய்தான் வரல."

அவன் சொன்னது அவ்வளவு சரி. ரேடியோவில் கூப்பிட்டால் பதில் சொல்ல அரை நொடி தாமதமாகிறது, செக்லிஸ்ட்டில் அடுத்த வரி என்ன என்று நாக்கு தடுமாறுகிறது, அதே நேரத்தில் கையும் காலும் எதுவுமே நடக்காத மாதிரி வேலை செய்கின்றன. எனக்கும் அதேதான் நடந்தது.

என் கதையைச் சொல்கிறேன். ஹெலிகாப்டரில் இடது கை கீழே கலெக்டிவில் (ஏற்றி இறக்கும் நெம்புகோல்), வலது கை நடுவில் சைக்ளிக்கில் (திசைக்குச் சாய்க்கும் பிடி), கால் இரண்டும் பெடலில், உடம்பு எப்போதும் கொஞ்சம் முன்னால் குனிந்து இடது பக்கமாகச் சாய்ந்தே இருக்கும். அதோடு ஓயாத அதிர்வு. வருடக்கணக்கில் இப்படி உட்கார்ந்தால் முதுகு ஒரு நாள் கணக்குக் கேட்கும். எனக்குக் கேட்டது. மெடிக்கல் கேட்டகரியில் ஏ-4 என்று எழுதினார்கள், அப்படியென்றால் பறக்கத் தகுதியில்லை. பெங்களூரில் விமான மருத்துவ நிறுவனத்துக்கு மறுபரிசோதனைக்குப் போவதும் வருவதுமாகக் காலம் போனது. விடுமுறையில் ஊருக்கு வந்தால் அம்மா வைத்தியரிடம் அழைத்துப் போய்த் தைலம் போட வைப்பார். கடைசியில் பறக்க முழுத் தகுதி என்கிற ஏ-1 கைக்கு வந்து, அதைச் சொல்ல வீட்டுக்குக் கூப்பிட்டபோது அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "கண்ணு, மறுபடியும் அந்தக் காத்தாடியிலயா ஏறப்போற?"

முதல் சார்ட்டி, அதாவது ஏறி இறங்கும் ஒரு பறத்தல். இன்ஸ்ட்ரக்டர் பக்கத்தில் உட்கார்ந்து ஹோவர் என்று மட்டும் சொன்னார், அந்தரத்தில் ஒரே இடத்தில் நிறுத்துவது. கலெக்டிவைத் தூக்கினேன், வலது கால் தானாக அழுத்தியது. எம்ஐ-17, சேத்தக் இரண்டிலும் மேல் ரோட்டர் கடிகாரச் சுற்றில் சுற்றும், சக்தி ஏற்றினால் வலது பெடல் கேட்கும் (தங்கை மகனின் பிளாக் ஹாக்கில் நேர் எதிர், அங்கே இடது கால்). இரண்டே முக்கால் வருடம் அந்தக் கால் காரின் ஆக்சிலரேட்டரை மட்டுமே மிதித்திருந்தது, ஆனாலும் மறக்கவில்லை. முதல் நாள் பத்துப் பதினைந்து அடி அங்கேயும் இங்கேயும் அலைந்தது, மூன்றாவது சார்ட்டியில் ஹோவர் ஆணி அடித்த மாதிரி நின்றது. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். எல்லாம் திரும்பி வந்துவிட்டது என்று நம்பினேன்.

அந்த நம்பிக்கைதான் ஆபத்து. கை சீக்கிரம் திரும்புவதால் மற்றதும் திரும்பிவிட்டது என்று நினைத்துவிடுவோம்.

ஹெலிகாப்டருக்குப் பொறுப்பான கேப்டனாகத் திரும்பப் பறக்க ஆரம்பித்த மூன்றாவது மாதம், வடகிழக்கில் ஒரு பள்ளத்தாக்கு. மேலே ஒரு போஸ்ட்டுக்கு ரேஷனும் மண்ணெண்ணெயும் எடுத்துப் போகிறோம். இரண்டு நாளாக மேகம், அன்றைக்குத்தான் கொஞ்சம் திறந்திருந்தது. பள்ளத்தாக்கில் பறக்கும்போது ஒரு பக்கச் சரிவை ஒட்டித்தான் போக வேண்டும், திரும்ப வேண்டி வந்தால் மொத்த அகலமும் கையில் இருக்கும். அது எனக்குப் பத்து வருடப் பழக்கம், யோசித்துச் செய்கிற விஷயமே இல்லை. முன்னால் கணவாயில் மேகத்தின் நாக்கு ஒன்று இறங்கியிருந்தது. அதற்குக் கீழே வெளிச்சமாக ஒரு கீற்று தெரிந்தது, அந்தக் கீற்றையே பார்த்துக்கொண்டு போனேன். இந்த ஆள் இரண்டே முக்கால் வருடம் பறக்கவில்லையே, பழைய மாதிரி போவாரா என்று கோ-பைலட் நினைக்கிறாரோ என்ற எண்ணம் மனதின் ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நடு சீட்டில் இருந்த ஃப்ளைட் இன்ஜினியர் திருநெல்வேலிக்காரர், ஜன்னல் வழியாகப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு இன்டர்காமில் மெதுவாகச் சொன்னார்: "சார், பின்னாடியும் மூடுது சார்."

அப்போதுதான் பக்கவாட்டில் பார்த்தேன். சரிவை ஒட்டிப் போக வேண்டியவன் பள்ளத்தாக்கின் நட்டநடுவில் போய்க்கொண்டிருந்தேன். எப்போது நடுவுக்கு வந்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வேகத்தைக் குறைத்து, சரிவுக்கு ஒதுங்கி, இறுக்கித் திரும்பினேன். வந்த வழியில் மேகத்துக்கும் ஆற்றுக்கும் நடுவில் கொஞ்சம்தான் இடம் மிச்சம் இருந்தது, அதில் நுழைந்து வெளியே வந்தோம். போஸ்ட்டுக்குச் சாமான் அன்றைக்குப் போகவில்லை, இரண்டு நாள் கழித்துத்தான் போனது. கீழே இறங்கியதும் அந்த இன்ஜினியரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவரும் ஒன்றும் பேசவில்லை.

மேகத்துக்குள் போனால் என்ன ஆகும் என்று வெளியிலிருப்பவர்களுக்குப் புரிவது கஷ்டம். வெளியே பார்க்க ஒன்றும் இல்லாதபோது உள்காது பொய் சொல்லும். சாய்ந்திருப்பதை நேர் என்று சொல்லும், நேராக இருப்பதைச் சாய்வு என்று சொல்லும். அந்த நேரத்தில் கருவிகளை மட்டும் நம்பி ஓட்ட வேண்டும். இடைவெளியில் முதலில் துருப்பிடிப்பது கருவிகளைப் படிக்கும் அந்தக் கண்தான், ஹோவர் இல்லை. 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டனுக்குப் போன எம்ஐ-17வி5 குன்னூர் அருகே விழுந்து ஜெனரல் பிபின் ராவத் உட்பட 14 பேரை இழந்தோம். எதிர்பாராமல் வானிலை மாறி ஹெலிகாப்டர் மேகத்துக்குள் போனது, பைலட்டுக்குத் திசை உணர்வு குழம்பியது, இயந்திரக் கோளாறு இல்லை என்று முப்படைகளின் விசாரணை சொன்னது. சூலூர் எங்கள் ஊரிலிருந்து எல்லை தாண்டினால் கொஞ்ச தூரம்தான். அந்த வாரம் இங்கே டீக்கடையில் யாருமே சத்தமாகப் பேசவில்லை. தினமும் பறந்துகொண்டிருந்த, திறமையான ஒரு குழுவுக்கே மலையில் மேகம் இதைச் செய்யும் என்றால், இடைவெளி விட்டு வருகிறவர் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2022 பிப்ரவரியில் மலம்புழை பக்கம் குறும்பாச்சி மலையில் ஒரு இளைஞர் பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டு நாற்பது மணி நேரத்துக்கு மேல் இருந்தாரே, நினைவிருக்கும். முதலில் கடலோரக் காவல்படை ஹெலிகாப்டர் வந்தது, நெருங்க முடியாமல் திரும்பிப் போனது. டிவியில் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் ஊர்க்காரர்கள் சிலருக்குக் கோபம், இவ்வளவு தூரம் வந்துவிட்டுத் தூக்காமல் போகிறார்களே என்று. என் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது, அந்த பைலட்டை நினைத்து. செங்குத்தான பாறை முகத்தை ஒட்டி ரோட்டரைக் கொண்டுபோக வேண்டும், பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கத்துக் காற்று எப்படி என்று இங்கே பிறந்தவனுக்குத் தெரியும், ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சும்மா சொல்லவில்லை, மற்ற மாதங்களிலும் அது ஒரேயடியாக அடங்கிவிடாது. கீழே ஒரு உயிர் கையாட்டிக்கொண்டிருக்கும்போது "முடியாது" என்று முடிவெடுத்துத் திரும்புவது, தூக்குவதைவிடக் கஷ்டம். அப்புறம் ராணுவத்தினர் மலையேறிக் கயிறு போட்டு அவரை உச்சிக்குக் கொண்டுவந்தார்கள், உச்சியிலிருந்து விமானப்படை ஹெலிகாப்டர் கஞ்சிக்கோட்டுக்குக் கொண்டுவந்தது. எல்லோரும் உயிரோடு வீடு போனார்கள்.

இந்த "முடியாது" என்ற முடிவுதான் இடைவெளிக்கு அப்புறம் மிகத் தாமதமாகத் திரும்பி வருவது. ரிசர்வில் இது இன்னும் கஷ்டம். தங்கை மகன் வாரத்தில் ஐந்து நாள் ஒரு மின் நிறுவனத்தில் வேலை பார்க்கிறான். வெள்ளி ராத்திரி நான்கு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு யூனிட்டுக்குப் போய்ச் சேருகிறான். பறக்கக் கிடைப்பதே கொஞ்ச நேரம், அதை மோசமான வானிலையில் ரத்து செய்ய மனசு வராது. சும்மா திரும்பிப் போனால் அடுத்த மாதம்தான். நைட் விஷன் கண்ணாடியோடு 60 நாளுக்குள் ஒரு மணி நேரமாவது பறக்காவிட்டால் அந்தத் தகுதி போய்விடும், அந்தக் கணக்கும் மண்டையில் ஓடும். அதனால் நான் அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

பள்ளத்தாக்கிலிருந்து திரும்பிய அன்று ராத்திரி லாக்புக்கை, அதாவது பறந்த மணி நேரத்தைக் குறித்து வைக்கும் புத்தகத்தை எடுத்து, திரும்பி வந்த நாளுக்கு மேலே சிவப்பு மையில் கோடு போட்டேன். கோட்டுக்குக் கீழே மணி நேரத்தைப் பூஜ்யத்திலிருந்து தனியாக எண்ண ஆரம்பித்தேன். என் மொத்த மணி நேரம் என்ன என்று யார் கேட்டாலும் மேலே உள்ளதைச் சொல்லலாம், ஆனால் காலையில் போகலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும்போது கோட்டுக்குக் கீழே உள்ளதை மட்டும்தான் பார்ப்பேன். அன்றைக்கு அங்கே 41 மணி நேரம் இருந்தது. 41 மணி நேரப் பையனை அந்தக் கணவாய்க்கு யாரும் தனியாக அனுப்ப மாட்டார்கள். 200 தாண்டும்வரை அந்த எண்ணை வைத்துத்தான் எல்லா முடிவும் எடுத்தேன். கூட இருக்கும் குழுவிடமும் வெளிப்படையாகச் சொல்லிவிடுவேன்: எனக்கு இடைவெளி இருக்கிறது, ஏதாவது வித்தியாசமாகத் தெரிந்தால் பதவி பார்க்காமல் உடனே சொல்லுங்கள் என்று. அந்த இன்ஜினியர் வாயைத் திறந்ததால்தான் நான் இங்கே உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி கேட்டவருக்கு: ஆறு வருடம் பெரிய தடை இல்லை, கை வரும். நீங்கள் இருக்கும் நாட்டில் ரிசர்வ் யூனிட் இருந்தால் முதலில் ஃப்ளைட் மெடிக்கலுக்குப் போங்கள், மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதுதான். முதுகை மறைக்காதீர்கள். சேர்ந்த பிறகு இன்ஸ்ட்ரக்டரிடம் ஹோவருக்கும் லேண்டிங்குக்கும் செலவழிக்கும் நேரத்தைக் குறைத்து, கருவிகளைப் பார்த்துப் பறக்கும் பயிற்சியைக் கூடுதலாகக் கேட்டு வாங்குங்கள். பழைய லாக்புக் கையில் இருக்கிறதா என்று இன்றைக்கே தேடுங்கள், யூனிட்டில் கையெழுத்து வாங்காமல் விட்ட பக்கம் ஏதாவது இருந்தால் கையெழுத்துப் போட வேண்டியவர் இடம் மாறிப் போவதற்குள் வாங்கிவிடுங்கள். தங்கை மகனுக்கு ஒரு பக்கக் கையெழுத்துக்காக மட்டும் ஏழு வாரம் போனது.