ஒரு லட்சம் டாலர் யார் தலையில்? – அமெரிக்க விசா கேள்வி பதில்

மகன் டெக்சாஸில் எம்.எஸ். முடித்து ஓபிடியில் (படிப்பு முடித்தவர்களுக்குத் தரும் தற்காலிக வேலை அனுமதி) வேலை பார்க்கிறான். எச்-1பி வேலை விசாக் குலுக்கலில் பெயர் விழுந்தால் கம்பெனி ஒரு லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்கிறார்கள். உண்மையா? ஆவணியில் தங்கை கல்யாணத்துக்கு அவன் சென்னை வந்தாக வேண்டும்.
– ஒரு தந்தை, நங்கநல்லூர்

கட்ட வேண்டாம். ஆனால் அந்தக் கல்யாணப் பயணமே கட்ட வைத்துவிடலாம்.

2025 செப்டம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த அதிபர் பிரகடனத்துக்கு, அக்டோபர் 20இல் குடியேற்றத் துறை விளக்கம் தந்தது. அதன்படி இந்தக் கட்டணம், செல்லுபடியாகும் எச்-1பி விசா இல்லாமல் அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவருக்காகப் போடும் புது மனுவுக்கு. உள்ளேயே எஃப்-1 (மாணவர்) அந்தஸ்தில் இருந்துகொண்டு எச்-1பிக்கு மாற்றக் கேட்பவருக்கு இல்லை. மனு நிலுவையில் இருக்கும்போது நாட்டைவிட்டுக் கிளம்பினால், அந்தஸ்து மாற்றக் கோரிக்கையை அவரே கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். கட்டணம் வந்து சேரும். ஓபிடியில் வேலையில்லாத நாட்கள் 90ஐத் தாண்டி (அறிவியல், தொழில்நுட்பப் படிப்புக்கான ஸ்டெம் நீட்டிப்பில் இருந்தால் மொத்தம் 150), அந்தஸ்து போய்விட்டதாக முடிவு செய்தாலும் இதே கதிதான். அந்தக் கணக்கை இப்போதே பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கம்பெனி விரைவுப் பரிசீலனைக்கான ப்ரீமியம் கட்டினால் 15 வேலை நாளில் பதில் வரும். ஒப்புதல் கையில் வந்தாலும் எச்-1பி தொடங்குவது அக்டோபர் 1. அதற்கு முன் கிளம்புவதைக் கம்பெனி வக்கீல் எழுத்தில் சரி என்று சொன்னாலொழிய நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். அக்டோபருக்குப் பிறகு வரலாம், ஒரு லட்சம் கேட்க மாட்டார்கள். ஆனால் திரும்பிப் போக இங்கே ஸ்டாம்பிங், அதாவது பாஸ்போர்ட்டில் எச்-1பி விசா, வேண்டும். 2025 டிசம்பர் 15 முதல் எச்-1பி, எச்-4 (எச்-1பிக்காரரின் குடும்பத்தார்) விண்ணப்பதாரர் எல்லோருடைய சமூக ஊடகக் கணக்குகளையும் பார்க்கிறார்கள். அந்த மாதம் நேர்காணல் தேதி வைத்திருந்த பலருக்கு அது பல மாதம் தள்ளிப்போனது. இரண்டு வார விடுப்பில் வந்தவர்கள் இங்கேயே மாட்டிக்கொண்டார்கள். தங்கை கல்யாணத்தை வீடியோவில் பார் என்று சொல்வது கொடுமைதான். வேறு வழி தெரியவில்லை.

பெயர் விழாவிட்டால் எஃப்-1இலேயே தாராளமாக வரலாம். விசா காலாவதியாகாமல் இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் பயணக் கையெழுத்து வாங்கிய ஐ-20 (கல்லூரி தரும் மாணவர் சான்று), வேலை அனுமதி அட்டை, கம்பெனிக் கடிதம் மூன்றும் கைப்பையில் இருக்கட்டும்.

குலுக்கலும் பழைய குலுக்கல் இல்லை. 2026 பிப்ரவரி 27 முதல் சம்பள நிலையைப் பொறுத்துச் சீட்டு: நான்காம் நிலைக்கு நான்கு, முதல் நிலைக்கு ஒன்று. நிலை என்பது வெறும் டாலர் தொகை அல்ல. அந்த வேலைக்கு அந்த ஊரில் அரசு குறித்திருக்கும் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. சான் ஹோசேயில் முதல் நிலையாக இருக்கும் சம்பளம் சின்ன ஊரில் மூன்றாம் நிலையாகலாம். இரண்டு கம்பெனிகள் பதிவு செய்தால் இரண்டில் குறைந்த நிலைதான் எடுபடும். கூடுதல் வாய்ப்பு என்று நினைத்து இன்னொரு கம்பெனியைச் சேர்ப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி. கிவன் நேமில்தான் என் பெயர் இருக்கிறது. டிஎஸ்-160 விசா விண்ணப்பத்தில் இனிஷியலை விரித்துப் போடலாமா?
– வாசகர், ஆழ்வார்திருநகர்

கூடாது. பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை அப்படியே சர்நேம் கட்டத்தில் போடுங்கள். கிவன் நேமில் 'எஃப்என்யூ' (முதல் பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற மூன்று எழுத்து. அப்பா பெயருக்குத் தனி இடம் இருக்கிறது. விசாவில் எஃப்என்யூ ஏறிவிட்டால் அங்கே எடுக்கும் ஓட்டுநர் உரிமம் வரை அதுவே தொடரலாம். அதனால் அவசரமில்லையென்றால் முதலில் பாஸ்போர்ட்டில் பெயரைப் பிரித்து மறு வெளியீடு வாங்கிவிட்டு விண்ணப்பியுங்கள். நடுவில் செய்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

டிஎஸ்-160ஐத் திருத்தி மறுபடி சமர்ப்பித்தால் பார்கோடு எண் மாறும். அப்பாயின்ட்மென்டிலும் புது எண் ஏற வேண்டும். விசா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பது உங்கள் விருப்பம். ஜெமினி மேம்பாலத்தடியில் உள்ள துணைத் தூதரகத்துக்குப் போவதற்கு முன் அந்த எண்ணைச் சரிபார்ப்பது கட்டாயம்.

நானும் கணவரும் ஐந்து மாதம் நியூ ஜெர்சியில் மகள் வீட்டில் இருக்கப் போகிறோம். 30 நாளுக்கு மேல் தங்கினால் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்கிறார்களே?
– வாசகி, மேற்கு மாம்பலம்

2025 ஏப்ரல் 11இல் நடைமுறைக்கு வந்த விதியைச் சொல்கிறீர்கள். விசாவோடு போய், ஐ-94 நுழைவுப் பதிவோடு உள்ளே நுழைந்தவர் ஏற்கெனவே பதிவானவர். தனியாக எதுவும் நிரப்ப வேண்டாம். 18 வயது தாண்டியவர்கள் அந்தப் பதிவுச் சான்றை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். இறங்கிய மறுநாளே எல்லைக் காவல் துறையின் இணையதளத்தில் ஐ-94ஐ எடுத்து, ஆளுக்கு ஒரு பிரதி பர்ஸில் வையுங்கள். சர்நேம் இல்லாதவர்களுக்குத் தேடல் தோற்றால் முதல் பெயரில் எஃப்என்யூ போட்டுப் பாருங்கள்.

அதில் முக்கியம் கடைசித் தேதி. விசா பத்து வருடத்துக்கு இருக்கலாம்; நீங்கள் தங்கலாம் என்ற தேதி ஐ-94இல் உள்ளதுதான். பாஸ்போர்ட் சீக்கிரம் காலாவதியாவதாக இருந்தால் அந்தத் தேதியோடு ஐ-94ஐ வெட்டிவிடுவதும் உண்டு. எச்-1பிக்காரர்களும் இதில் மாட்டுகிறார்கள்: ஒப்புதல் மூன்று வருடத்துக்கு இருக்க, ஐ-94 ஒன்றரை வருடத்தில் முடிந்திருக்கும். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிட்டுப் பயணம் போவது நல்லது.

வீட்டில் எச்-4இல் இருக்கும் பேரனோ பேத்தியோ அங்கே இருக்கும்போது 14 வயதைத் தொட்டால் 30 நாளுக்குள் ஜி-325ஆர் பதிவுப் படிவம் போட்டுக் கைரேகை தர வேண்டும். பெற்றோர் மறப்பது இதைத்தான். வீடு மாறினால் 10 நாளுக்குள் ஏஆர்-11 முகவரி மாற்றப் படிவம்.

பி (சுற்றுலா) விசாவைப் புதுப்பிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: 79 வயதைத் தாண்டியவர்களுக்கு நேர்காணல் இல்லை என்ற சலுகை 2025 செப்டம்பர் 2உடன் போய்விட்டது. முழுக் கால விசா முடிந்து 12 மாதத்துக்குள் புதுப்பித்தால் மட்டும் விலக்குக் கிடைக்க வாய்ப்புண்டு.

எச்-4 வேலை அனுமதி அட்டை ஐந்து மாதத்தில் முடிகிறது. விண்ணப்பித்துவிட்டால் 540 நாள் தானாக நீளும் அல்லவா?
– வாசகி, பெரம்பூரிலிருந்து மகளுக்காக

இப்போது நீளாது. 2025 அக்டோபர் 30 முதல் தாக்கலான புதுப்பிப்புகளுக்கு அந்தத் தானியங்கி நீட்டிப்பு இல்லை. அட்டை முடியும் நாளில் புது அட்டை கையில் இல்லையென்றால் மறுநாள் வேலைக்குப் போகக் கூடாது; ஐ-9 (வேலை செய்யத் தகுதி) மறு சரிபார்ப்பில் கம்பெனியே நிறுத்திவிடும்.

180 நாளுக்கு முன்பே விண்ணப்பிக்கலாம், அதாவது அவருக்கு வாசல் திறந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. எச்-4 அந்தஸ்தும் சேர்ந்து முடிவதாக இருந்தால் கணவரின் எச்-1பி நீட்டிப்பு, உங்கள் மகளின் ஐ-539 (அந்தஸ்து நீட்டிப்பு), ஐ-765 (வேலை அனுமதி) மூன்றையும் ஒரே உறையில் அனுப்பச் சொல்லுங்கள். கணவர் ஒப்புதல் வரட்டும் என்று காத்திருந்து மாதங்களைத் தொலைப்பவர்களே அதிகம். கணவருக்கு ப்ரீமியம் கட்டினால் மனைவியின் தாளும் கூடவே நகரும் என்ற ஏற்பாடு ஒரு வழக்கின் சமரசத்தால் வந்தது. 2025 ஜனவரியோடு அது முடிந்தது. 2025 டிசம்பரில் அட்டைகளின் காலத்தை 18 மாதமாகக் குறைத்தது கிரீன் கார்டு நிலுவையில் உள்ளவர்கள் போன்ற பிரிவுகளுக்கு, எச்-4க்கு அல்ல.

காசோலை அனுப்பாதீர்கள். 2025 அக்டோபர் 28க்குப் பிறகு அதை வாங்குவதில்லை. கார்டு என்றால் ஜி-1450 படிவம், வங்கிக் கணக்கு என்றால் ஜி-1650.

எங்கள் எச்-1பி ஊழியர் டெக்சாஸ் பிளேனோவில் வாடிக்கையாளர் அலுவலகத்தில் இருக்கிறார். அவரை ஆஸ்டினுக்கு மாற்ற வேண்டும். இமெயில் போட்டால் போதுமா?
– எச்.ஆர்., கந்தன்சாவடி

போதாது. பிளேனோவிலிருந்து இர்விங் என்றால் ஒரே பெருநகரப் பகுதி. அவர் வேலை தொடங்கும் நாளுக்குள் புது இடத்தில் எல்சிஏ (சம்பளம், வேலை இடம் பற்றித் தொழிலாளர் துறைக்குக் கம்பெனி தரும் உறுதிமொழி) அறிவிப்பை இரண்டு இடங்களில் ஒட்டி 10 நாள் வைத்தால் முடிந்தது. ஆஸ்டின் வேறு பகுதி. புது எல்சிஏ, அதற்குத் தொழிலாளர் துறையில் ஏழு வேலை நாள், பிறகு திருத்த மனு. 2015இல் வந்த சிமியோ தீர்ப்பிலிருந்து இதுதான் நிலை. மனு போய்ச் சேர்ந்ததும் அவர் ஆஸ்டினில் வேலை தொடங்கலாம், ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டாம். எல்சிஏ தாக்கலான மறு வேலை நாளுக்குள், யார் கேட்டாலும் காட்ட வேண்டிய பொதுப் பார்வைக் கோப்பு தயாராக இருக்க வேண்டும். 2025 ஜனவரி 17 முதல் குடியேற்றத் துறையின் நேரடி ஆய்வு விதியாகவே எழுதப்பட்டுவிட்டது: வாடிக்கையாளர் அலுவலகத்திலும் வருவார்கள், அங்கே ஒத்துழைக்க மறுத்தாலும் மனு தள்ளுபடியாகலாம். வரவேற்பறையில் இருப்பவருக்கு உங்கள் ஊழியரின் பெயரும் பதவியும் தெரிந்திருக்கும்படி வாடிக்கையாளரிடம் முன்பே பேசிவையுங்கள்.