ரேஸ் காரின் பலத்தை 100 கிலோமீட்டர் வேகத்துக்கு அப்புறம் பாருங்கள்

கேள்வி இதுதான்: நின்ற இடத்திலிருந்து நேர்கோட்டில் கிளம்பினால் ரேஸ் கார் சாலைக் காரைவிட எவ்வளவு வேகம்? சில எலெக்ட்ரிக் கார்கள் ஃபார்முலா 1 காரையே முந்துகின்றன என்பது உண்மையா?

உண்மைதான். ஃபார்முலா 1 கார் 0-வில் இருந்து 100 கிலோமீட்டர் வேகம் எடுக்க ஏறக்குறைய இரண்டரை வினாடி ஆகும். ரிமாக் நெவெரா என்ற எலெக்ட்ரிக் கார் 2023-ல் நடந்த சோதனையில் அதை 1.81 வினாடியில் முடித்தது. ஆனால் இதை வைத்து ரேஸ் காரின் பிக்கப் இவ்வளவுதான் என்று முடிவு கட்டுவது பெரிய தவறு. ஏன் என்று சொல்கிறேன்.

நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது ஜெயிப்பதும் தோற்பதும் எஞ்சினால் அல்ல, டயரால். எஞ்சின் எவ்வளவு பலம் கொடுத்தாலும், டயர் ரோட்டைப் பிடிக்கும் அளவுக்குத்தான் கார் முன்னே போகும், மிச்சமெல்லாம் புகை. காரின் எடைக்குச் சமமான விசையை டயர்கள் ரோட்டில் இறக்க முடிந்தால் 100-ஐத் தொட 2.8 வினாடி ஆகும். இது வெறும் கணக்கு, எந்தக் காருக்கும் பொருந்தும். இதைவிடக் குறைய வேண்டுமென்றால் டயர் இன்னும் ஒட்ட வேண்டும், நான்கு சக்கரமும் இழுக்க வேண்டும். ஃபார்முலா 1 காரில் டயர் பிரமாதம், ஆனால் இழுப்பது பின் சக்கரங்கள் மட்டுமே. சக்கரம் சுழலாமல் பார்த்துக்கொள்ளும் டிராக்‌ஷன் கன்ட்ரோலும் 2008 முதல் தடை. ஸ்டீயரிங்கில் இருக்கும் கிளட்சை விடுவது முழுக்க டிரைவரின் விரல் வேலை. நெவெராவில் நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி மோட்டார், ஒவ்வொன்றையும் கம்ப்யூட்டர் கவனிக்கிறது.

அப்புறம்தான் கதை மாறுகிறது. வேகம் ஏற ஏற, ஃபார்முலா 1 காரின் இறக்கைகளும் அடிப்பாகமும் காற்றைக் கொண்டு காரைத் தரையோடு அழுத்துகின்றன. வேகம் இரட்டித்தால் அந்த அழுத்தம் நான்கு மடங்கு. டயர் வழுக்கும் கவலை போய்விடும், இனி பேசுவது எடைக்கு எத்தனை குதிரைத்திறன் என்பதுதான். ஃபார்முலா 1 காரில் டிரைவரோடு சேர்த்து 800 கிலோவை ஒட்டிய எடைக்கு ஏறக்குறைய 1,000 குதிரைத்திறன். புகாட்டி சிரோன் என்ற அதிவேகச் சாலைக் காரில் 1,500 இருக்கிறது, ஆனால் எடை 2 டன். சாதாரண குடும்பக் காரில் ஒரு டன்னுக்கு 100 இருந்தால் அதிகம்.

100-ல் இருந்து 200-க்குப் போக சிரோனுக்கு 3.7 வினாடி, நெவெராவுக்கு 2.6. ஃபார்முலா 1 காருக்கு இரண்டு, இரண்டரை வினாடி போதும். நெவெரா 1,914 குதிரைத்திறனைக் கொட்டிச் செய்வதை இது பாதி பலத்தில் செய்கிறது. எனக்கு இந்த விளையாட்டில் மிகவும் பிடித்ததே இதுதான்: எடையைக் குறைப்பதில் காட்டும் பிடிவாதம்.

இறக்கைகளுக்கு விலையும் உண்டு. 300-க்கு மேல் காற்றுத் தடை அவ்வளவு பலமாக இழுப்பதால், ஆக்சிலரேட்டரை விட்டாலே நல்ல பிரேக் அடித்த மாதிரி கார் வேகம் இழக்கும். அங்கே சிரோன் மாதிரியான கார்கள் நிதானமாக 400-ஐத் தாண்டிப் போகும். ஃபார்முலா 1 காருக்கு அந்த வேகம் தேவையில்லை, அது வளைவுகளுக்காகப் பிறந்தது.

இன்னொன்று பலருக்கும் தெரிவதில்லை. எல்லா ரேஸ் காரும் தன் சாலைக் காரைவிடப் பலமானது அல்ல. ஃபெராரி 296 சாலைக் காரில் ஹைப்ரிட் மோட்டாரோடு சேர்த்து 830 குதிரைத்திறன்; அதே காரை ஜிடி3 (சாலைக் கார்களை அடிப்படையாகக் கொண்ட ரேஸ் பிரிவு) போட்டிக்காக மாற்றிய வடிவத்தில் அந்த எலெக்ட்ரிக் மோட்டார் கிடையாது, 600-ஐ ஒட்டித்தான். போட்டி சமமாக இருக்க வேண்டும் என்று விதிகள் பலத்தைக் கட்டிவைக்கின்றன. நேர்கோட்டில் மட்டும் ஓடவிட்டால் சாலைக் காரே ஜெயிக்கலாம். வளைவு வந்ததும் ரேஸ் காரின் ஸ்லிக் டயரும் (வரிப்பள்ளம் இல்லாத வழவழப்பான டயர்) பிரேக்கும் கணக்கைத் தீர்த்துவிடும்.

நேர்கோட்டுக்கென்றே கட்டப்பட்ட கார் வேண்டுமென்றால் டாப் ஃபியூவல் டிராக்ஸ்டரைப் பாருங்கள். நைட்ரோமீத்தேன் என்ற எரிபொருளைக் குடித்து 11,000 குதிரைத்திறனுக்கு மேல் கொடுக்கும். 305 மீட்டரை 3.7 வினாடிக்குள் முடித்து, கடைசியில் 530 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும். நிறுத்த பாராசூட் வேண்டும், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு எஞ்சினைப் பிரித்துச் சரிபார்க்க வேண்டும். இதனோடு எந்தச் சாலைக் காரையும் ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

பலத்தால் மட்டும்தான் முடியும் என்றும் இல்லை. சுவிட்சர்லாந்து மாணவர்கள் கட்டிய மைத்தன் என்ற சிறிய எலெக்ட்ரிக் கார் 2023 செப்டம்பரில் 0.956 வினாடியில் 100-ஐத் தொட்டது. எடை சுமார் 140 கிலோ, பலம் 326 குதிரைத்திறன். ஒரு விசிறி காரின் அடியிலிருந்து காற்றை உறிஞ்சி, நிற்கும்போதே அதைத் தரையோடு ஒட்டவைத்தது.

சரி, இனி எண்களை ஒப்பிடும்போது ஒன்றைக் கவனியுங்கள். அமெரிக்காவில் முதல் ஓர் அடி தூரத்தைக் கணக்கில் சேர்க்காமல் நேரம் சொல்லும் வழக்கம் உண்டு. டெஸ்லா மாடல் எஸ் பிளெய்டின் 1.99 வினாடி அப்படிச் சொன்னதுதான், அதுவும் மணிக்கு 60 மைல் வரை. 100 கிலோமீட்டர் என்பது 62 மைல். அந்த ஓர் அடியைக் கடக்கவே கால் வினாடி அளவுக்குப் போய்விடும்.