கை வைத்துச் செய்யும் சிகிச்சையில் இதயத் துடிப்பு குறைவது ஏன்?

இதயத் துடிப்பு, வியர்வை, செரிமானம் என நாம் நினைக்காமலேயே நடக்கும் வேலைகளைக் கவனிப்பது தன்னியக்க நரம்பு மண்டலம். அதில் பரிவு நரம்புகள் ஆக்ஸிலரேட்டர் மாதிரி. இணைப்பரிவு நரம்புகள் பிரேக். பிசியோதெரபிஸ்ட்டின் கை பட்டதும் பிரேக் எப்படி விழுகிறது?

முடியுள்ள தோலில், மெதுவான வருடலுக்கென்றே மெல்லிய நரம்பிழைகள் உண்டு. வெதுவெதுப்பான கை வினாடிக்கு 1 முதல் 10 செ.மீ. வேகத்தில் நகர்ந்தால் அவை நன்றாகத் தூண்டப்படும். மிதமான, சீரான அழுத்தம், இணைப்பரிவு நரம்புகளில் முக்கியமான வேகஸ் நரம்பின் செயலைக் கூட்டும். துடிப்பு இறங்கும், மூச்சு நிதானப்படும். அழுகிற பிள்ளையின் முதுகை நீவிவிடும் அம்மாவுக்கு இது படிக்காமலே தெரியும். அதே கை ஜில்லென்றோ, கூச்சம் காட்டும்படியோ இருந்தால் உடம்பு தளர்வதற்குப் பதில் விறைத்துக்கொள்ளும்.

கழுத்து மூட்டை அசைத்துச் செய்யும் சிகிச்சையில் முதலில் பரிவு நரம்புகள்தான் சற்று நேரம் கூடுதலாக வேலை செய்யும். உள்ளங்கை லேசாக வியர்க்கலாம். கழுத்தின் முன்பக்கவாட்டில் நாடி துடிக்கும் இடத்தை மட்டும் அழுத்தவே கூடாது. அங்குள்ள உணரிகள் ரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கி, ஆளை மயங்க வைத்துவிடும்.

"வலிக்க வலிக்க அழுத்தினால்தான் நரம்பு தளரும்" என்பது தவறு. பல்லைக் கடித்துத் தாங்கும் வலி ஆக்ஸிலரேட்டரைத்தான் மிதிக்கும்.