படுக்கையில் கிடப்பவரிடம் பிரசங்கம் செய்யலாமா?

மருத்துவமனையில் இருக்கும் அப்பாவுக்கு ஜெபிக்க ஊழியக்காரரை அழைத்து வரட்டுமா என்று பக்கத்து வீட்டார் கேட்கிறார்கள், நாங்கள் இந்துக்கள், கிறிஸ்தவப் பிரசங்கம் கேட்டாலே மனம் கலங்குகிறது, மறுத்தால் தவறா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தவறே இல்லை. இதைச் சொல்பவன் குமரி மாவட்டத்துக்காரன், தென்னிந்தியத் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்றவன், ஞாயிறு ஆராதனையைத் தவறவிடாதவன்.

மனம் கலங்குவது இயல்புதான். கலக்குவதுதான் பிரசங்கத்தின் வேலை. பெந்தெகொஸ்தே பண்டிகை நாளில் இயேசுவின் சீஷரான பேதுரு பேசியதைக் கேட்டவர்கள் இருதயத்திலே குத்தப்பட்டார்கள் என்று வேதாகமத்தின் அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. ஆனால் அவர்கள் சொந்தக் காலில் நின்று கேட்டவர்கள். பிடிக்காதவர்கள் வீட்டுக்குப் போயிருக்கலாம். கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருப்பவர் எங்கே போவார்?

என் தம்பிக்கு ஒன்பது வயதிலிருந்து வலிப்பு. 1998இல் அவனுக்குப் பதினாறு வயது. மாத்திரையால் ஒன்றரை வருடம் வலிப்பே வராமல் இருந்தான். அப்போது பக்கத்து ஊர் மைதானத்தில் மூன்று நாள் சுகமளிக்கும் கூட்டம் நடந்தது. ஊழியக்காரர் மத்தேயு 17ஆம் அதிகாரத்தை வாசித்தார். தீயிலும் தண்ணீரிலும் விழும் சந்திரரோகியான, அதாவது வலிப்பு வரும், பையனின் கதை. "இது வியாதி அல்ல, ஆவி. மாத்திரை கொடுக்கிறவரைக்கும் நீங்கள் தேவனை நம்பவில்லை என்றுதான் அர்த்தம்" என்றார். தம்பியின் தலையில் எண்ணெய் தடவினார். அம்மாவை மேடையேற்றிச் சாட்சி சொல்ல வைத்தார். வீட்டுக்கு வந்ததும் அம்மா மாத்திரைகளை அட்டையோடு அடுப்பில் போட்டுவிட்டாள்.

ஐந்தாம் நாள் இரவு வலிப்பு வந்தது. நினைவு திரும்புவதற்குள் அடுத்தது, அதற்குள் அடுத்தது. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் இப்படி ஆகும் என்று மருத்துவர் பிறகு சொன்னார். பதினொரு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்து பிழைத்தான். ஆனால் பத்தாம் வகுப்பில் கணக்கில் முதலாவதாக வந்த பிள்ளைக்கு, கடையில் மூன்று பொருள் வாங்கச் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

அப்பா அந்த ஊழியக்காரரைத் தேடிப் போய்க் கேட்டார். "பெற்றவர்களிடத்தில் அவிசுவாசம் இருந்திருக்கும் ஐயா" என்று பதில் வந்தது. அப்பா அதை அப்படியே அம்மாவிடம் சொல்லிவிட்டார். சொல்லியிருக்கக் கூடாது. 2019இல் இறக்கும்வரை அம்மா அந்த வார்த்தையைச் சுமந்தாள். கடைசி மாதத்தில்கூட, "நான் இன்னும் கொஞ்சம் நம்பியிருக்கலாமோ மக்களே" என்று என்னிடம் கேட்டாள்.

எனக்கு ஆறாத கோபம் இதில்தான். அந்த ஊழியக்காரர் வாசித்த அதே அதிகாரத்தில், பையனைச் சுகப்படுத்த முடியாமல் போனது யாருடைய அவிசுவாசத்தால் என்று இயேசு சொல்கிறார். பெற்றவனுடையது அல்ல, சீஷர்களுடையது. சுகமாக்கப் போனவர்களுடையது! மாற்கு 9இல் அந்தத் தகப்பன், "என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கதறுகிறான். நம்பிக்கை குறைவு என்று அவனே ஒப்புக்கொண்ட பிறகும் இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை. ஊழியக்காரர் அந்த வசனங்களை வாசிக்கவே இல்லை. வாசித்திருந்தால் பழியை அம்மாவின் தலையில் வைத்திருக்க முடியாது.

அந்தப் பதினொரு நாளும் எங்கள் சொந்தச் சபையிலிருந்து ஒருவர்கூட மருத்துவமனைக்கு வரவில்லை. அது சபைத் தேர்தல் நேரம். ஓட்டுக் கேட்க மட்டும் இரண்டு அணியும் பூட்டிக் கிடந்த வீட்டுக்கு வந்து போனதாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். மக்கள் ஏன் மைதானக் கூட்டங்களுக்கு ஓடுகிறார்கள் என்று எங்கள் பெரியவர்கள் இன்றும் ஆச்சரியப்படுகிறார்கள்.

இதை எடுத்துக்கொண்டு, பார்த்தாயா கிறிஸ்தவர்களே இப்படித்தான் என்று யாரும் கிளம்ப வேண்டாம். மதத்தைப் பரப்பும் உரிமையை அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு எல்லோருக்கும் தந்திருக்கிறது. பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு என்று அதே பிரிவு சொல்வதை எங்கள் ஆட்களும் படிக்க வேண்டும். என் தாத்தாவின் வயிற்றுப்புண்ணுக்கு அறுவை சிகிச்சை நடந்தது நெய்யூர் மிஷன் மருத்துவமனையில். 1922இலும் 1924இலும் எவரெஸ்ட் பயணங்களில் போன சோமர்வெல் அங்கே மருத்துவராக இருந்த காலம் அது. அவரும் சுவிசேஷம் சொல்ல வந்தவர்தான். அதற்காக அவர் கத்தியையும் மருந்தையும் கீழே வைக்கவில்லை.

உங்கள் அப்பா நினைவோடு இருந்தால் முதலில் அவரைக் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் அதோடு முடிந்தது, உங்கள் பக்கத்து வீட்டார் தங்கள் வீட்டிலேயே ஜெபிக்கலாம், தேவனுக்கு அங்கேயும் கேட்கும். அவர் சரி என்றால், மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று வருபவரிடம் வாசலிலேயே சொல்லிவிடுங்கள். யார் செய்த பாவம், யாருக்கு விசுவாசக் குறைவு என்று அவர் தொடங்கினால் வெளியே அனுப்பிவிடுங்கள். வேதாகமம் கையில் வைத்திருக்கிறாரே என்று தயங்காதீர்கள்.