அப்பா எழுதி வாங்கிய கணக்கு புரோகிராம்

அன்புள்ள அண்ணா,

குமுளியில் அப்பா பார்த்துவந்த ஏலக்காய்த் தோட்டத்தையும் காய்க் கடையையும் இப்போது நான் கவனிக்கிறேன். கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் ஜீப்பில் வேலைக்கு வருகிறவர்களின் வாரச் சம்பளம், அவர்கள் வாங்கிய முன்பணம் எல்லாமே அப்பா 1996-இல் பாக்ஸ்புரோ என்ற பழைய டேட்டாபேஸ் மொழியில் எழுதி வாங்கிய புரோகிராமில்தான் இருக்கிறது. போன மாதம் விண்டோஸ் 11 உள்ள புதுக் கம்ப்யூட்டர் வாங்கினோம். போல்டரை அப்படியே காப்பி செய்தும், இந்த ஆப் இதில் ஓடாது என்று ஒரு கட்டம் வருகிறது. தராசிலிருந்து எடையை எடுக்கும் இன்னொரு புரோகிராம் திறக்கிறது. ஆனால் எடை வரவில்லை. கையால் அடித்துப் பதிந்தால், நான் பதிந்தது தம்பி அவன் லாகினில் பார்க்கும்போது இல்லை. கடைக்காரர், "ரெண்டும் குப்பை, புதுசு வாங்குங்க" என்கிறார். பழைய கம்ப்யூட்டரை எக்ஸ்சேஞ்சில் கேட்கிறார். சனிக்கிழமை சம்பளத்தை நோட்டில் எழுதிக் கொடுத்தேன். என்ன செய்வது?

ஒரு வாசகி, குமுளி

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் ஒன்று. பழைய கம்ப்யூட்டரைக் கொடுத்துவிடாதீர்கள். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

கம்பத்தில் நான் சர்வீஸ் கடை வைத்திருந்தபோது, 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றது. ஊரில் எல்லோரும் மாற்றினார்கள். ஒரு மில்லின் கம்ப்யூட்டரை நான்தான் பார்மேட் செய்தேன். கணக்கு டி டிரைவில் இருக்கிறது என்று யாரோ சொன்னதை நம்பினேன். அது நான் அழித்த சி டிரைவில் இருந்தது. ஆறு வருடத்துக் கொள்முதல் கணக்கு போய்விட்டது. அந்த மில்லின் கணக்கப்பிள்ளை என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அதை இன்றும் மறக்க முடியவில்லை.

அதனால் அந்த போல்டர் முழுவதையும் இரண்டு பென் டிரைவில் எடுத்து, ஒன்றை வீட்டில் வையுங்கள். உள்ளே டிபிஎஃப் என்று முடியும் பைல்கள் இருக்கும். ஆட்களின் பெயர், சம்பளம், முன்பணம் எல்லாம் அவற்றில்தான். எக்செல் போன்ற லிப்ரேஆபிஸ் கால்க் இலவசம்; அதில் ஒரு பிரதியைத் திறந்து பாருங்கள், கட்டம் கட்டமாக வந்து நிற்கும். அசல் பைலை அதில் திறந்து சேவ் செய்ய வேண்டாம். கணக்கு உங்கள் கையில் பத்திரமாக இருக்கிறது, இப்போதைக்கு ஓடாமல் நிற்பது புரோகிராம் மட்டும்தான் என்று தெரிந்தாலே மனசு பாதி ஆறிவிடும்.

சரி, ஏன் ஓடவில்லை? அப்பாவின் புரோகிராமில் ஒரு பழுதும் இல்லை. அது விண்டோஸுக்கு முந்தைய டாஸ் என்ற இயங்குதளத்தின் காலத்தது, 16 பிட் (பிட் என்பது கம்ப்யூட்டர் ஒரே தடவையில் கையாளும் அளவு; உங்கள் விண்டோஸ் 11 64 பிட்). பழைய 32 பிட் விண்டோஸுக்குள் என்டிவிடிஎம் என்று ஒரு பகுதி இருந்தது. டாஸ் புரோகிராம் கேட்டால், "நான்தான் டாஸ்" என்று அது பதில் சொல்லும். 64 பிட் விண்டோஸில் அந்தப் பகுதி கிடையாது. விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே வரவில்லை. ஆகவே வலது கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ் போய், கம்பாட்டிபிலிட்டியில் எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்தாலும் இந்த ஒன்றுக்குப் பலன் இருக்காது. அதில் மணிக்கணக்காக உட்கார வேண்டாம்.

வழி வேறு. டாஸ் இருப்பதுபோல் நடந்துகொள்ளும் ஒரு மென்பொருளுக்குள் இதை ஓட்ட வேண்டும். அப்படிப்பட்டதில் டாஸ்பாக்ஸ் எல்லோருக்கும் தெரியும், ஆனால் அது விளையாட்டுகளை மனதில் வைத்துச் செய்தது. பிரிண்ட் எடுக்க அதில் வசதி இல்லை. உங்களுக்குச் சம்பளச் சீட்டு அடிக்க வேண்டும். விடாஸ் என்று ஒன்று இருக்கிறது, கணக்கு வேலைக்கான டாஸ் புரோகிராம்களுக்காகவே செய்தது. புரோகிராம் பழைய பிரிண்டர் போர்ட்டுக்கு அனுப்புவதை அது விண்டோஸ் பிரிண்டருக்குத் திருப்பிவிடும். முதலில் அதைப் போட்டுப் பாருங்கள். டாஸ்பாக்ஸ் எக்ஸ் என்ற வகையிலும் பிரிண்ட் வரும்.

ஓட்டும்போது, பூஜ்யத்தால் வகுத்துவிட்டேன் என்று பிழை காட்டினால் கணக்கு தப்பு என்று பயப்படாதீர்கள். பழைய பாக்ஸ்புரோ, தொடங்கும்போது கம்ப்யூட்டரின் வேகத்தை அளந்து பார்க்கும். இன்றைய வேகத்துக்கு, கழிந்த நேரம் பூஜ்யம் என்று வந்துவிடுகிறது. டாஸ்பாக்ஸில் கன்ட்ரோலும் எஃப்11-ம் சேர்த்து அழுத்தி வேகத்தைக் குறைத்தால் சரியாகிவிடும்.

தராசு புரோகிராம் வேறு கதை. அது திறக்கிறது என்றால் அனேகமாக 32 பிட். 64 பிட் விண்டோஸ் அதை ஓட்டும். கம்பாட்டிபிலிட்டி என்பது இந்த மாதிரிக்குத்தான். பழைய விண்டோஸின் பதிப்பு எண்ணைச் சொல்லி, பழைய நடத்தையைக் காட்டி, புரோகிராமை நம்பவைக்கும். இதற்காக மைக்ரோசாப்டில் எவ்வளவு மெனக்கெட்டார்கள் என்பதற்கு ஜோயல் ஸ்போல்ஸ்கி என்ற புரோகிராமர் ஒரு சம்பவத்தை எழுதியிருக்கிறார். சிம்சிட்டி என்ற விளையாட்டு, விட்டுக்கொடுத்த நினைவகத்தை உடனே திரும்ப எடுத்துப் படிக்கும். அது தப்பு, ஆனால் டாஸில் மாட்டவில்லை. விண்டோஸ் 95-இல் அது விழுந்துவிடும் என்று தெரிந்ததும், சிம்சிட்டி ஓடுகிறதா என்று பார்த்து, ஓடினால் நினைவகத்தை உடனே பிடுங்காத ஒரு முறைக்கு மாறும்படி விண்டோஸிலேயே எழுதினார்கள். யாரோ எழுதிய புரோகிராமின் தப்பைத் தங்கள் தோளில் ஏற்றிக்கொண்டார்கள். பழையதென்றால் குப்பை என்று சொல்கிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

நீங்கள் பதிந்தது தம்பிக்குத் தெரியாததற்குக் காரணம் இருக்கிறது. எக்ஸ்பி காலத்துப் புரோகிராம்கள் தங்கள் போல்டரிலேயே கணக்கை எழுதும். எக்ஸ்பிக்கு அடுத்து வந்த விஸ்டாவிலிருந்து, புரோகிராம் பைல்ஸ் போல்டருக்குள் சாதாரண லாகினில் எழுத அனுமதி இல்லை. புரோகிராம் விழுந்துவிடாமல் இருக்க, விண்டோஸ் சத்தமில்லாமல் அந்தக் கணக்கை விர்ச்சுவல்ஸ்டோர் என்ற இடத்துக்குத் திருப்பிவிடும். ஒவ்வொரு லாகினுக்கும் அது தனித்தனி. அதனால் உங்கள் பதிவு உங்களிடம், தம்பியின் பதிவு தம்பியிடம். யூசர்ஸ் போல்டரில் உங்கள் பெயருக்குள் ஆப்டேட்டா, லோக்கல், விர்ச்சுவல்ஸ்டோர் என்று போனால் இருக்கும். ஆப்டேட்டா மறைந்திருக்கும் போல்டர், வியூ மெனுவில் அதைக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு பேருடையதையும் எடுத்து வைத்துவிட்டு, புரோகிராமை சி டிரைவில் நேரடியாக எடை என்று ஒரு போல்டர் போட்டு அதில் நிறுவுங்கள். இருவரின் பதிவையும் ஒன்றாகச் சேர்ப்பது கைவேலைதான். பச்சைக்காய் வரும் காலத்தில் ஒரு நாள் எடை விட்டுப்போனாலும் உலர்காயோடு கணக்கு நிற்காது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பொறுமையாகச் செய்யுங்கள்.

இவை எதுவும் கைகொடுக்காவிட்டால், பழைய கம்ப்யூட்டரை இன்டர்நெட் இல்லாமல் மூலையில் வைத்து, சனிக்கிழமை மட்டும் ஓட்டுங்கள். அதிலும் தப்பில்லை. வாரா வாரம் பென் டிரைவில் பிரதி எடுத்தால் போதும். புதுப் புரோகிராம் வாங்குவதானால் நிதானமாக வாங்கலாம், டிபிஎஃப் பைல்களை அதற்குள் ஏற்றித் தர முடியுமா என்று கேட்டுவிட்டு.

தராசிலிருந்து எடை வராததற்குக் காரணம் இதுவாக இருக்கலாம்: புதுக் கம்ப்யூட்டரில், தராசின் ஒயரை மாட்டும் சீரியல் போர்ட் இல்லாததால் யுஎஸ்பி மாற்றி ஒன்று போட்டிருப்பார்கள். டிவைஸ் மேனேஜரில் போர்ட்ஸ் என்பதைத் திறந்து, அது காம் எத்தனை (போர்ட்டின் எண்) என்று பாருங்கள். பழைய புரோகிராம்கள் பல 1 முதல் 4 வரைதான் தேடும். 7 என்றோ 9 என்றோ இருந்தால், போர்ட் செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு போய் 2 ஆக்குங்கள். புரோகிராமிலும் அதே 2. எண் மாற்றியும் வரவில்லையென்றால், அந்த மாற்றியின் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் தெரிகிறதா என்று பார்த்து எழுதுங்கள்.