சாவு வீட்டில் அவர் எங்கே? கேள்வி பதில்

தஞ்சாவூர்ப் பக்கம் 20 வருடத்துக்கு மேலாகப் பந்தல், ஐஸ் பெட்டி, ஊர்தி எல்லாம் ஏற்பாடு செய்து கொடுக்கிறேன். முன்பெல்லாம் ‘எத்தனை மணிக்கு எடுக்கிறோம்?’ என்பதுதான் என்னிடம் வரும் ஒரே கேள்வி. இப்போது இன்னொன்றும் கேட்கிறார்கள்: ‘எல்லார் வீட்டிலும் நடப்பது மாதிரியே இல்லாமல், அவருக்கென்று ஏதாவது செய்யலாமா?’ அப்படி வந்த கேள்விகளுக்குத்தான் இந்தப் பதில்கள். ஊருக்கு ஊர் முறை மாறும். நான் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

மதுரை: அப்பா 31 வருடம் பஸ் ஓட்டியவர். இப்போது படுக்கையில் இருக்கிறார். அவர் காரியத்தில் அந்த வாழ்க்கை தெரிய வேண்டும் என்று எனக்கு ஆசை. உயிரோடு இருக்கும்போதே இப்படி யோசிப்பது பாவம் என்கிறாள் அக்கா.

தன் காரியத்துக்கென்று பணத்தைச் சுருக்குப் பையில் முடிந்து வைத்துவிட்டுப் போகும் கிழவிகள் இல்லாத ஊர் உண்டா? அக்காவிடம் அதைச் சொல்லுங்கள். முடிந்தால் அப்பாவிடமே கேளுங்கள். எந்தப் போட்டோ வைக்கலாம், யாருக்குக் கட்டாயம் தகவல் சொல்ல வேண்டும் என்ற இரண்டு கேள்வி போதும். மீதியை அவரே பேசுவார்.

அப்புறம், புதிதாக எதையும் சேர்க்க அலையாதீர்கள். நம் சடங்கிலேயே ஆளுக்கான இடம் நிறைய இருக்கிறது, நாம்தான் அதைக் காலியாக விட்டுவிடுகிறோம். குளிப்பாட்டியபின் என்ன உடுத்துவது என்பது ஒரு இடம். வேட்டிதான் என்று சட்டமா? காக்கிச் சட்டை போடலாம். பாடையை வழியில் ஓரிடத்தில் இறக்கித் திருப்பி வைக்கும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. ஊர்தியானாலும் அப்படி ஒரு நிறுத்தம் வைக்கலாம். அவர் ஓட்டிய ரூட்டில் ஒரு பஸ் ஸ்டாப்பாகப் பாருங்கள். இரண்டு நிமிடம் போதும், கூட வேலை பார்த்த கண்டக்டர் யாராவது ஒரு விசில் கொடுத்தால் வண்டி கிளம்பட்டும்.

ஒரு தையல்காரரின் சாவில், மாலைகளுக்கு மேலே அவருடைய அளவு நாடாவைக் கழுத்தில் போட்டார் மகன். நுனி தேய்ந்து எண் அழிந்துபோன நாடா. ஒரு பைசா செலவில்லை. ஆனால் வந்தவர்கள் அதைப் பார்த்த பிறகுதான் உடைந்து அழுதார்கள். பூவிலேயே பஸ் செய்து தருகிறேன் என்று யாராவது வருவார்கள். வேண்டாம். நான் பார்த்த ஒன்று கல்யாண மண்டப வாசல் மாதிரி இருந்தது.

சேலம்: ‘கண்ணீர் அஞ்சலி’ ஃப்ளெக்ஸ் இல்லாமல் முடியுமா?

முடியும். தகவலுக்கு நாலு காகிதப் போஸ்டர் ஒட்டுங்கள். அதில் ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கிப் போடாமல் அவர் சிரிக்கும் படமாகத் தேடுங்கள். ஃப்ளெக்ஸ் காசில் பந்தலுக்குள் ஒரு கொடி கட்டி, துணி கிளிப்பில் இருபது பழைய போட்டோ தொங்கவிடுங்கள். உட்கார்ந்திருக்கும் ஆண்கள் வெட்டிக்கதை பேசுவது பாதியாகக் குறையும், நான் உத்தரவாதம். ஒரிஜினலைத் தொங்கவிடாமல் பிரதி எடுத்துத் தொங்கவிடுங்கள். சாவு வீட்டில் போட்டோ காணாமல் போவது சகஜம்.

கோவை: பாட்டி ரேடியோ இல்லாமல் தூங்கியதில்லை. அதையும் மூக்குக் கண்ணாடியையும் கூடவே வைத்து அனுப்பலாமா?

புதைப்பதானால் உங்கள் இஷ்டம். மின் மயானம், எரிவாயு தகன மேடை என்றால் கூடாது. பேட்டரி உள்ள எதுவும் சூட்டில் வெடிக்கும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர் என்றால் ஆஸ்பத்திரியிலேயே சொல்லி எடுத்துவிட வேண்டும், மயானத்திலும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கண்ணாடி உருகி ஒட்டிக்கொள்ளும். பருத்திப் புடவை, கடிதம், வெற்றிலை பாக்கு இதெல்லாம் தாராளமாக வைக்கலாம். ரேடியோ வீட்டில் இருக்கட்டும். எடுக்கும்வரை அவர் தலைமாட்டில் அவருக்குப் பிடித்த ஸ்டேஷனில் மெதுவாக ஓடட்டும்.

சென்னை: தம்பியின் நண்பர்கள் கானா வைக்க வேண்டும் என்கிறார்கள். பெரியப்பா திருவாசகம்தான் என்கிறார். சண்டை வரும் போலிருக்கிறது.

நேரத்தைப் பிரித்துக் கொடுத்துவிடுங்கள். ராத்திரி முழுக்க உடல் வீட்டில் இருந்தால் கானா அந்த நேரத்துக்கு. வடசென்னையில் சாவு வீட்டில் விடிய விடிய கானா பாடுவது இன்று நேற்று வந்ததில்லை. செத்தவர் பெயரையும் தெருவையும் சேட்டையையும் சேர்த்துப் பாடுவார்கள், இதைவிடச் சொந்தமான பாட்டு உங்களுக்கு எங்கே கிடைக்கும்? காலையில் எடுப்பதற்கு முன் திருவாசகம். யாழ்ப்பாணத்துச் சைவர்கள் சாவு வீட்டில், திருவாசகத்தில் இருக்கும் திருப்பொற்சுண்ணத்தைப் பாடிக்கொண்டே உரலில் சுண்ணம் என்ற பொடியை இடிப்பார்கள். பெரியப்பா அந்த அளவுக்கு ஆர்வமானவர் என்றால் அவரையே பாடச் சொல்லுங்கள்.

பறையும் வைப்பீர்கள் என்று நினைக்கிறேன், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். சாவுக்குப் பறை அடிப்பது ஒரு சாதியின் தலையில் கட்டாயமாகச் சுமத்தப்பட்ட வேலையாக இருந்தது. அதை மறுத்துப் போராடியவர்கள் உண்டு. இன்று கலையாக எடுத்து வாசிக்கும் குழுக்கள் இருக்கின்றன. கலைஞராகக் கூப்பிடுங்கள், கூலியை முன்பே பேசுங்கள், நாற்காலி போட்டுச் சாப்பாடு கொடுங்கள். சரக்கு வாங்கிக் கொடுத்துக் கணக்கை முடிக்கும் பழக்கத்தை விடுங்கள்.

புதுக்கோட்டை: எங்கள் வீட்டில் யாருக்கும் ஒப்பாரி தெரியாது. ஆள் வைத்துப் பாடலாமா?

வைக்கலாம், தவறில்லை. ஆனால் வருகிறவருக்கு அம்மாவைப் பற்றி ஒரு கால்மணி நேரம் சொல்லுங்கள். என்ன சமைப்பார், யாரோடு பேசாமல் இருந்தார், எந்த வயலில் நடவு நட்டார் என்று. நல்ல ஒப்பாரிக்காரர் அதை அப்படியே பாட்டில் கட்டிவிடுவார்.

நீங்களே நாலு வார்த்தை சொல்வதானால் அடைமொழி வேண்டாம். பாரி இறந்தபின் அவன் மகள்கள் பாடியது என்று புறநானூற்றில் 112ஆம் பாட்டு இருக்கிறது. ஐந்தே வரி. அன்றைய நிலவில் அப்பாவும் இருந்தார், எங்கள் மலையையும் யாரும் பிடிக்கவில்லை, இன்றைய நிலவில் மலையும் போனது, அப்பாவும் இல்லை. அவ்வளவுதான். வள்ளல் என்ற சொல்கூட அதில் கிடையாது.

டொரோண்டோ: 31ஆம் நாளுக்குக் கல்வெட்டு அடிக்க வேண்டும் என்று மாமா சொல்கிறார். இந்தக் காலத்தில் யார் படிப்பார்கள்?

தமிழ்நாட்டு வாசகர்களுக்காக: கல்லில் வெட்டுவது இல்லை இது. ஈழத்தில் அந்தியேட்டி என்னும் 31ஆம் நாள் சடங்கன்று வந்தவர்களுக்குக் கொடுக்கும் சிறு நினைவு நூல். தேவாரம், இறந்தவரைப் பற்றிய பாட்டு, வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, உறவுகளின் புலம்பல் எல்லாம் இருக்கும். எனக்கு அந்த வழக்கத்தின் மேல் பொறாமையே உண்டு. ஈழத்து ஆவணங்களைச் சேர்க்கும் நூலகம் இணையதளத்தில் இப்படிப்பட்ட நினைவு மலர்களை மின்வடிவில் வைத்திருக்கிறார்கள். ஒரு ஊரின் கதையே அவற்றில் கிடக்கிறது.

கட்டாயம் அடியுங்கள், ஆனால் கடையில் இருக்கும் பழைய வெண்பாவில் பெயரை மட்டும் மாற்றி வாங்காதீர்கள். அம்மாவின் கறித்தூள் பக்குவம், இடம்பெயர்ந்த ஊர்களின் பெயர் வரிசை, பேரப்பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு வரி என்று சேருங்கள். அவர் கையெழுத்தில் ஒரு பக்கம் இருந்தால் அதை ஸ்கேன் செய்து முதல் பக்கத்தில் போடுங்கள்.

திருச்சி: அப்பா உடல் தானம் எழுதிவைத்திருக்கிறார். மயானமே இல்லையென்றால் சடங்கு எப்படி? தானம் செய்தால் அரசு மரியாதை கிடைக்குமாமே?

அரசு மரியாதை வேறு. 2023 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு அறிவித்தது உறுப்பு தானம் செய்தவர்களுக்கு, அதாவது மூளைச்சாவுக்குப் பின் சிறுநீரகம், கல்லீரல் போன்றவற்றைக் கொடுப்பவர்களுக்கு. உங்கள் அப்பா எழுதியது மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் துறைக்குப் போவது. அந்தத் துறையோடு இப்போதே பேசி வையுங்கள். பிரேதப் பரிசோதனை செய்த உடலை வாங்க மாட்டார்கள். எழுதிவைத்திருந்தாலும் கடைசியில் குடும்பத்தின் சம்மதம் வேண்டும், அதனால் சித்தப்பாக்களிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

கண்ணைக் கொடுப்பதானால் இறந்து 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். இமையை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலைக்குத் தலையணை வையுங்கள்.

சடங்குக்கு என்ன குறை? கோடி போடலாம், வாய்க்கரிசி போடலாம், தெருவே கூடி ஊர்தியின் பின்னால் நடக்கலாம். போய்ச் சேரும் இடம் கல்லூரி வாசல், அவ்வளவுதான். 2024இல் மார்க்சிஸ்ட் கட்சித் தலைவர் சீதாராம் யெச்சூரியின் உடலைக் கட்சி அலுவலகத்தில் அஞ்சலிக்கு வைத்து, பிறகு டெல்லி எய்ம்ஸுக்குத்தான் கொண்டுபோனார்கள். அப்புறம் ஒரு நாள் வைத்துப் படத்திறப்பு நடத்துங்கள். ஐந்து பேர் பேசினால் போதும், ஆளுக்கு ஐந்து நிமிடம். அரசியல்வாதி வந்தால் அவருக்கும் அதே ஐந்து நிமிடம்தான்.

ஈரோடு: அஸ்தியைப் போட்டு மரம் வைக்கலாமா?

வைக்கலாம். ஆனால் சாம்பலை அப்படியே வேரில் கொட்டினால் கன்று கருகும், அதில் காரத்தன்மையும் உப்பும் அதிகம். ஒரு கைப்பிடி மட்டும் எடுத்து நிறைய மண்ணோடும் மக்கிய எருவோடும் கலந்து போடுங்கள், மீதியை ஆற்றில் கரையுங்கள். வேம்பு, புங்கை, மகிழம் எது வேண்டுமானாலும் வைக்கலாம். முதல் இரண்டு கோடையில் யார் தண்ணீர் ஊற்றுவது என்பதை முடிவு செய்துவிட்டு வையுங்கள். பட்டுப்போன கன்றைப் பார்த்து ஒரு அம்மா இரண்டாம் முறை அழுததைப் பார்த்திருக்கிறேன்.

நாகப்பட்டினம்: மகள் கொள்ளி வைக்கலாமா?

வைக்கலாம். நான் ஊர்தி அனுப்பிய வீடுகளிலேயே வைத்திருக்கிறார்கள். ஐயரிடமோ ஊர்ப் பெரியவரிடமோ முதல் நாளே சொல்லிவிடுங்கள், மயானத்தில் நின்று வாதம் வேண்டாம்.

சிங்கப்பூர்: என்னால் வர முடியவில்லை. வீடியோவில்தான் பார்க்கப் போகிறேன். நானும் ஏதாவது செய்ய வழி உண்டா?

உண்டு. உங்கள் குரலில் இரண்டு நிமிடம் பதிவு செய்து அனுப்புங்கள், எடுப்பதற்கு முன் உடலருகே ஒலிக்க விடட்டும். வாய்க்கரிசி போடும்போது உங்கள் பெயரைச் சொல்லி யாராவது ஒரு பிடி போடட்டும். 16ஆம் நாள் படையலில் அவருக்குப் பிடித்த ஒரு பலகாரம் உங்கள் பங்காக இருக்கட்டும், அதே நேரத்தில் நீங்களும் அங்கே செய்து வையுங்கள். கேமராவை முகத்துக்கு நேரே வைக்காமல் பந்தல் மூலையில் உயரமாக வைக்கச் சொல்லுங்கள், வந்தவர்களும் தெரிவார்கள். பந்தல் போடும்போதே பந்தல்காரரிடம் சொன்னால் அந்த மூலைக்கு ஒரு பிளக் பாயின்ட் இழுத்துக் கொடுப்பார். அதற்கு நான் தனியாகக் காசு வாங்குவதில்லை.