பொண்ணுக்கு எச்.ஓ.டி. (துறைத்தலைவர்) பொறுப்பு குடுத்தா ஏத்துக்கலாமா?

ஆச்சி, உங்க மெசேஜ் பாத்தேன். பொண்ணு அசிஸ்டன்ட் ப்ரொஃபசர்தான், அதுக்குள்ள எச்.ஓ.டி. இன்சார்ஜ் போடுறாங்க, முடியாதுன்னு எழுதிக் குடுத்துரலாமான்னு கேட்டிருக்கீங்க. அப்படி எழுதிக் குடுக்க வேணாம், ஆனா கேள்வியே கேக்காம சரின்னும் சொல்லிட வேணாம்.

இந்தப் பொறுப்பு மத்தளம் மாதிரி, ரெண்டு பக்கமும் இடி. மேல டீன், ரெஜிஸ்ட்ரார் கேக்குற ரிப்போர்ட் எல்லாம் இவதான் அனுப்பணும், காலேஜுக்குத் தரம் போடுற நாக் குழு வருதுன்னா அஞ்சு வருஷ ஃபைலை இவதான் தோண்டணும், கீழ பாத்தா டைம்டேபிள் சண்டை, லீவு சண்டை, நேத்து வரைக்கும் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டவங்ககிட்டயே இன்னைக்கு ஏன் லேட்டுன்னு கேக்கணும். ஆள் போடுறதும் பணம் ஒதுக்குறதும் யுனிவர்சிட்டி நிர்வாகக் குழுவான சிண்டிகேட் வரைக்கும் போற விஷயம், இவ கையில ஒண்ணும் இல்ல, ஆனா ஆள் பத்தலன்னா பசங்க வந்து நிக்கிறது இவ ரூம் வாசல்லதான். இதுக்கெல்லாம் யாரும் ட்ரெய்னிங் குடுக்குறதும் ரொம்பக் கம்மி.

அப்புறம் ஏன் ஏத்துக்கச் சொல்றேன்னா, நம்ம காரைக்குடியையே பாருங்க, வள்ளல் அழகப்பச் செட்டியார் 1947ல காலேஜ் ஆரம்பிச்சாரு, 1985ல யுனிவர்சிட்டி வந்துச்சு, இத்தனை வருஷமா தினசரி வகுப்பும் பரீட்சையும் ஒழுங்கா நடக்குதுன்னா அதுக்கு இந்த நடுவுல நிக்கிறவங்க உழைப்புதான் பெரிய காரணம். சிலபஸ் மாத்தணும்னா அத முடிவு பண்ற போர்ட் ஆஃப் ஸ்டடீஸ் குழுவுல தைரியமா பேச நல்ல டீச்சர் வேணும்ல.

என் பயம் வேற. யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிப்படி அசிஸ்டன்ட் ப்ரொஃபசருக்கு வாரம் 16 மணி நேரம் வகுப்பு. அதுக்கு அடுத்த படியான அசோசியேட் ப்ரொஃபசர் போஸ்ட்டுக்கு நேரடியா அப்ளை பண்ண பிஎச்டி, 8 வருஷ சர்வீஸ், குறைஞ்சது 7 ஆராய்ச்சிப் பேப்பர் வேணும். நிர்வாக வேலைக்கும் ப்ரமோஷன்ல கொஞ்சம் மதிப்பு உண்டு, ஆனா பேப்பர் இல்லாத குறைய அது சரிக்கட்டாது. நிறைய பேரு நாற்காலில உக்காந்த அந்த வருஷங்கள்லதான் எழுதுறத விட்டுடுறாங்க.

அதனால ஆர்டர் வாங்குறதுக்கு முன்னாடியே பேசச் சொல்லுங்க, எத்தனை வருஷம், ஆபீஸ் வேலைக்கு ஒரு ஆள் உண்டா, வகுப்பு கொஞ்சம் குறையுமா, வாரத்துல ஒரு நாள் ரிசர்ச்சுக்கு விடுவீங்களான்னு, பதிலை எழுத்துல வாங்கணும், வாய்ப்பேச்சு ஆள் மாறுனா மாறிடும். எதுக்குமே ஒத்துக்கலன்னா, 7 பேப்பர் முடியட்டும்னு பணிவா தள்ளிப்போடலாம்.

நீங்களும் ஒண்ணு செய்யணும் ஆச்சி. அவ லேட்டா வர்ற அன்னைக்கு, இதுக்கா நீ இவ்ளோ படிச்சேன்னு மட்டும் கேட்டுறாதீங்க. ஞாயித்துக்கிழமை காலைல எந்த விசேஷத்துக்கும் கூப்பிடாம எழுத விடுங்க.